கண்ணாடித் தொட்டிக் கெளுத்தி மீன்களுக்கு உண்டாகும் வயிற்று உப்புசம்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதுவது)

நெல்லும் வாழையும் பயிரிடும் நம் நிலச்சொந்தக்காரர்களிற் சிலர், மாட்டுக் கொட்டகையின் ஒரு புறத்தையோ கிணற்றடியையோ ஒதுக்கி, சிமெண்டுத் தொட்டிகளும் கண்ணாடித் தொட்டிகளும் அமைத்து, அழகு மீன்களை வளர்த்து விற்று உபவருமானம் தேடி வருகின்றனர். சென்னைக்கடுத்த கொளத்தூரில் இத்தொழில் வெகுநாளாக நடந்து வருவது யாவரும் அறிந்ததே. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அழகு மீன் வளர்ப்புக்கும் இடம் அளிக்கப்பட்ட பின்னர், கிராமாந்தரங்களிலும் இம்முயற்சியில் இறங்கினோர் பலர். அவர்கள் என்னிடம் கொண்டுவரும் குறைகளில் அடிக்கடி வருவது கெளுத்தி இன மீன்களுக்கு வயிறு ஊதிப்போவதைப் பற்றியதாகும். பொன்மீனுக்கும் கெண்டைக்கும் எழுதப்பட்ட வைத்தியத்தைக் கெளுத்திக்கு அப்படியே செய்தால், நோயினால் சாகாத மீன் மருந்தினால் சாகும். இதை நான் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை. என் கையாலேயே ஒரு தொட்டி மீனைக் கொன்று கற்றுக்கொண்டேன். அவ்விருத்தாந்தம் பின்னே வருகிறது.

நம்மவர் தொட்டிகளில் வளர்க்கும் கெளுத்திகள் பெரும்பாலும் இரண்டு வகையைச் சேர்ந்தவை. ஒன்று, கோரிடோராஸ் என்னும் சிறு மீன். இரண்டு மூன்று அங்குலத்துக்குமேல் வளராது. உடலின் இருபுறமும் எலும்புத் தகடுகள் இரண்டு வரிசையாகக் கவசம்போல் அமைந்திருக்கும். மீசையினால் மணலைத் துழாவிப் புழு பூச்சிகளைத் தேடித் தின்னும். மற்றொன்று, கடைக்காரர்கள் சக்கர் மீன் என்று அழைக்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி. இது கண்ணாடியிலும் கட்டையிலும் வாயால் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். இவ்விரு வகையும் தென்னமெரிக்காக் கண்டத்து ஆறுகளுக்கு உரியவை. இவையன்றி, வியாபாரத்தில் ஷார்க் என்ற பொய்ப் பெயரோடு விற்கப்படும் பாங்காஸ் குஞ்சுகளும் கெளுத்தி இனமே. மீகாங் நதியில் பிறந்த இம்மீன் மூன்றடிக்கு மேலும் வளரக்கூடியதாகையால், வீட்டுத் தொட்டிக்கு ஏற்றதன்று.

நோயின் குறிகள்

உப்புசம் என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஒரு குறி. மனிதருக்கு ஜுரம் எப்படியோ, மீனுக்கு வயிறு வீங்குதல் அப்படி. ஆகையால் வீங்கிய வயிற்றைக் கண்டவுடன் ஒரே மருந்தைத் தேடி ஓடுவது தவறாகும். வீக்கத்தினுள் இருப்பது மலமா, காற்றா, நீரா, முட்டையா என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மலம் கட்டிய மீனின் வயிறு திரண்டு காணப்படும். மலம் இறங்காது, அல்லது வெளுத்த நூல்போல் தொங்கும். ஆயினும் மீன் ஓரளவு நடமாடும். தீனியிடம் வந்து முகர்ந்து பார்க்கும். காற்று நிறைந்த மீன் அடியில் தங்கமாட்டாமல், இறங்குவதும் மிதப்பதுமாகத் தத்தளிக்கும். நீர் கோத்த மீனோ ஒரு மூலையில் அசைவற்றுக் கிடக்கும். செவுள் வேகமாக அடிக்கும். வயிற்றின் அடிப்புறத்தில் சிவப்புத் திட்டுகள் தோன்றும். குதம் சிவந்து புடைக்கும். சிலவற்றில் கண்களும் பிதுங்கும். கடைசியிற் சொன்னதே மிக அபாயமானது.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நீர்க்கோவை கண்ட மீனுக்குச் செதில்கள் விரிந்து நிமிர்ந்து நிற்கும் என்று அழகு மீன் புத்தகங்கள் யாவும் கூறும். அது பொன்மீனுக்குப் பொருந்தும். கெளுத்திக்குச் செதிலே கிடையாது. நாட்டுக் கெளுத்திக்கு வழவழப்பான தோல். கோரிடோராஸுக்கும் சக்கருக்கும் எலும்புத் தகடு. தகடு நிமிராது. ஆகவே, செதில் விரியவில்லையே என்று நாட்களைக் கழித்தவர்கள், மீனுக்கு உள்ளே நீர் நிறைந்து சிறுநீரகம் கெட்டுப்போன பின்னரே விழித்துக்கொள்கின்றனர். கெளுத்தியை மேலிருந்து பார்க்கவேண்டும். தலைக்குப் பின்னால் உடலின் அகலம் இருபுறமும் பிதுங்கித் தோன்றினால், அன்றே கவனிக்கத் தொடங்கவேண்டும்.

இதற்கு மாறான பிழையும் உண்டு. கோரிடோராஸில் பெண் மீன் ஆணைவிடப் பெரியது. முட்டை நிறைந்த காலத்தில் அதன் வயிறு நன்றாகப் பருத்துத் தோன்றும். இதை நோயென்று எண்ணி மருந்துத் தொட்டியிலிட்டு, முட்டைகளையும் இழந்து, மீனையும் நலிவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முட்டைச் சினையுள்ள மீன் சுறுசுறுப்பாக இரை தேடும். மற்ற மீன்களோடு கூடித் திரியும். வயிறு இருபுறமும் ஒத்த அளவாகப் பருத்திருக்கும். சிவப்போ கண் பிதுக்கமோ இராது. மழைக்காலத்தில் குளிர்ந்த புதுத் தண்ணீர் மாற்றியதும், கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டும் முட்டைகளை இட்டுவிட்டு வயிறு வற்றிவிடும். இக்குறிகள் காணப்படின் அம்மீனுக்கு யாதொரு மருந்தும் கொடுக்கலாகாது.

ஏன் வீங்குகிறது

நன்னீர் மீனின் உடலிலுள்ள திரவம், வெளியேயுள்ள தண்ணீரைவிட உப்புச் செறிவு மிக்கது. இதனால் வெளித் தண்ணீர் செவுளின் வழியாகவும் தோலின் வழியாகவும் இரவும் பகலும் உடலுக்குள் ஊடுருவிக்கொண்டே இருக்கும். மீன் தண்ணீர் குடிப்பதில்லை. குடியாமலே தண்ணீர் நுழைகிறது. நுழைந்த தண்ணீரைச் சிறுநீரகம் ஓயாது வெளியேற்றி வருகிறது. நம் வயலில் ஊற்று சுரக்கும் பள்ளத்தில் வடிகால் அடைபட்டால் என்ன நேருமோ, அதுவே சிறுநீரகம் நோயுற்ற மீனுக்கும் நேர்கிறது. வடிகால் நின்றது, ஊற்று நிற்கவில்லை, வயிற்றினுள் நீர் தேங்குகிறது. செவுள் கெட்டாலும், ஈரல் கெட்டாலும் இதே முடிவுதான்.

சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுப்பவை எவை? கிருமிகள் கெடுக்கின்றன. ஏரோமோனாஸ் என்னும் கிருமி எல்லாக் குளத்து நீரிலும் உண்டு. நலமாயுள்ள மீனை அது ஒன்றும் செய்வதில்லை. நெருக்கத்தினாலும், அழுக்கு நீரினாலும், பிரயாணத்தினாலும் களைத்துப்போன மீனையே பற்றும். கெளுத்தி இனத்துக்கென்றே தனியாக ஒரு கிருமியும் உண்டு. எட்வர்ட்சியெல்லா இக்டலூரி என்னும் அதனால் விளையும் நோய், அமெரிக்காவின் தென்பகுதிக் கெளுத்திப் பண்ணைகளில் கண்டறியப்பட்டு 1979-ல் எழுதி வெளியிடப்பட்டது. பின்னர் வியட்நாம் தேசத்துப் பாங்காஸ் பண்ணைகளிலும் பெருநஷ்டம் விளைவித்தது. ஏறக்குறைய 22 முதல் 28 டிகிரி செண்டிகிரேட் உஷ்ணமுள்ள தண்ணீரில் அது மிகுதியாகப் பரவும். நம் நாட்டில் மழையும் பனியும் உள்ள மாதங்களின் உஷ்ணம் இதுவேயாகையால், அப்பருவத்தில் புதிதாக வாங்கிய மீன்களைக் குறித்து எச்சரிக்கையாயிருத்தல் நலம்.

கிருமிக்கு முன்னால் வழி திறந்துவிடுவது பெரும்பாலும் வளர்ப்பவருடைய கையே. எந்தத் தொட்டிக்குப் போய்ப் பார்த்தாலும் நான் காண்பது தீனி மிகுதி. கெளுத்தியை அழுக்கு தின்னும் மீன் என்றும், தொட்டியைச் சுத்தம் செய்ய ஏற்பட்ட தோட்டி என்றும் கடைக்காரர்கள் சொல்லி விற்கின்றனர். இது முழுப் பொய். எந்தக் கெளுத்தியும் மலத்தைத் தின்று பிழைப்பதில்லை. மேலே நீந்தும் மீன்களுக்கு ஏராளமாகத் தீனி தூவி, மிச்சம் அடியிலுள்ள கெளுத்திக்கு ஆகும் என்று விட்டுவிடுகின்றனர். அடியில் இறங்கிய தீனி இரவெல்லாம் ஊறிப் புளித்துக் கிடக்க, பசித்த கெளுத்தி அதைத் தின்று வயிறு கெடுகிறது. இன்னும், உலர்ந்த குருணைத் தீனி தண்ணீரில் ஊறினால் பருமனாகும். அது ஊறவேண்டியது மீனின் குடலில் அன்று. கால் மணி நேரம் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பின் இடுவதற்கு என்ன சிரமம்?

மீன்தோறும் குடலின் அமைப்பு வேறு. கோரிடோராஸ் புழு பூச்சிகளை மிகுதியாகத் தின்பது. அதன் குடல் குறுகியது. சக்கர் மீனின் குடலோ கடிகாரச் சுருள்போல் நீண்டு சுருண்டது. பாசி, அழுகிய கட்டை, இலை முதலிய நார்ப்பொருள்களை மெல்ல ஜீரணிப்பதற்காக ஏற்பட்டது. அதற்கு மாட்டு இருதயத்தையும் இரத்தப் புழுவையும் நாள்தோறும் கொடுத்தால், அது வெகு ஆவலுடன் தின்னும். சில வாரங்களில் வயிறு உப்பிச் சாகும். மாட்டுக்குப் பச்சைத் தானியத்தை வயிறு நிறையக் கொடுத்தால் வரும் கேட்டை அறிந்த நம் விவசாயிகளுக்கு இதை நான் அதிகம் விளக்கவேண்டியதில்லை.

பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறவை மாட்டுக்கு ஆகாதென்று ஒதுக்கிய பிண்ணாக்கைத் தவிட்டோடு பிசைந்து மீனுக்கிடுவது சில இடங்களில் வழக்கமாயிருக்கிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஏராளமான வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அவற்றுக்கிட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் விஷமே காரணமென்று ஆராய்ந்து கண்டனர். அஃப்ளாடாக்ஸின் என்று இன்று யாவரும் சொல்லும் விஷம் அதுவே. அது ஈரலை அரிக்கும். வேகவைத்தாலும் முற்றும் அழியாது. மாட்டுக்கு ஆகாதது மீனுக்கும் ஆகாது.

சாக்கடைகளில் அள்ளி விற்கப்படும் டூபிஃபெக்ஸ் என்னும் செம்புழுவும் அப்படியே. கெளுத்திக்கு அது பிரியமான இரைதான். ஆனால் அது வாழுமிடம் நகரத்துக் கழிவுநீர். கிருமிகளையும் குடற்புழுக்களின் முட்டைகளையும் விலை கொடுத்து வாங்கித் தொட்டியில் விடுவதற்கு அது சமானம்.

நான் செய்த பிழை

காவேரிப் பாசனத்துக் கிராமமொன்றில் ஒரு நிலச்சொந்தக்காரர் நான்கு தொட்டிகளில் கோரிடோராஸ் வளர்த்து வந்தார். அவருடைய மூத்த மகளின் கல்லூரிச் சம்பளத்துக்கு அத்தொட்டிகளையே நம்பியிருந்தார். சித்திரை மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். ஒரு தொட்டியில் ஏழெட்டு மீன்களுக்கு வயிறு வீங்கியிருந்தது. கெண்டைக் குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு உப்புக் கரைசலில் சில நிமிஷம் முக்கி எடுப்பது நாம் எல்லோருக்கும் கற்பித்து வரும் முறை. அந்தப் பழக்கத்தில், அடுப்பங்கரையிலிருந்து கல்லுப்பைக் கொண்டுவரச் சொல்லி, நாலைந்து கைப்பிடி அள்ளித் தொட்டியில் எறிந்தேன். "காலையில் பாருங்கள், தெளிந்துவிடும்" என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

கெண்டை நடுநீரில் நீந்தும். கெளுத்தி தரையில் படுக்கும். கரையாத உப்புக் கல்லின்மேல் இரவெல்லாம் அவை படுத்திருந்தன. காலையில் சென்றபோது மீசைகள் வெந்து, வயிற்றின் அடித்தோல் உரிந்து, வீங்கிய மீன்கள் மட்டுமின்றி நலமாயிருந்த மீன்களும் சேர்ந்து, அத்தொட்டியில் ஒன்றுகூட மிச்சமில்லை. அந்தப் பெரியவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "ஐயாவுக்குக் காப்பி கொண்டு வா" என்றுதான் மகளிடம் சொன்னார். மற்ற மூன்று தொட்டிகளை நாங்கள் பிறகு காப்பாற்றினோம். கீழே எழுதும் முறை அத்தொட்டிகளில் நான் செய்து பார்த்ததும், அதன் பின்னர் மீன்வளம் கற்றவர்களிடம் கேட்டுத் திருத்திக்கொண்டதும் ஆகும்.

சிகிச்சை முறை

முதலாவதாக, நோயுற்ற மீனைத் தனியே பிரிக்கவேண்டும். வலையால் பிடிக்கலாகாது. கெளுத்தியின் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்பிலும் உள்ள முள் வலையில் மாட்டிக்கொள்ளும். விடுவிக்க முயல்கையில் முள்ளும் ஒடியும், மீனும் களைக்கும், நம் விரலிலும் குத்தும். ஒரு பிளாஸ்டிக் குவளையில் தண்ணீரோடு முகந்து எடுப்பதே தக்கது. தனித்தொட்டி 40 லிட்டர் கொள்ளளவாயினும் போதும். பழைய தொட்டியின் தண்ணீரையே பாதியளவு ஊற்றி, காற்றுக்குழாய் வைத்து, மறைவாக ஒளிந்துகொள்ள ஓர் ஓட்டுத்துண்டையும் போட்டு, வெளிச்சம் படாமல் மூடவேண்டும். ஆனால் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி மூடிவிடக்கூடாது. கோரிடோராஸ் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கி, பின்குடலின் மூலமாக அதிலிருந்து பிராணவாயுவைக் கிரகிக்கும். சக்கர் மீன் இரைப்பையின் மூலமாக அவ்வாறே செய்யும். மேல்மட்டத்தில் இரண்டங்குல இடைவெளியாவது வேண்டும். தண்ணீரின் உயரம் அதிகமாயிருந்தால், தளர்ந்த மீன் மேலே வந்து திரும்பச் சக்தியற்றுப் போகும். ஆகையால் ஒரு சாண் உயரத் தண்ணீரே சிறந்தது.

இரண்டாவதாக, இரண்டு அல்லது மூன்று நாட்கள் தீனியே கொடுக்கலாகாது. மீன் பட்டினியால் செத்துவிடுமே என்று வீட்டிலுள்ளோர் இரக்கப்படுவர். வளர்ந்த கெளுத்தி ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது.

மூன்றாவதாக எப்சம் உப்பு. மருந்துக் கடையில் பேதி உப்பு என்று விற்கப்படும் மக்னீசியம் சல்பேட்டே இது. இதற்கும் சமையல் உப்புக்கும் சம்பந்தமில்லை. 20 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி வீதம் கணக்கிட்டு, ஒரு குவளைத் தண்ணீரில் துகளே இல்லாமல் கரைத்து, ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு தவணையாக ஊற்றவேண்டும். கல்லாக ஒருபோதும் போடலாகாது. காரணம் மேலே சொல்லியாயிற்று. இவ்வுப்பு குடலை இளக்கி மலத்தை இறக்கும். உடலில் தேங்கிய நீரையும் ஓரளவு குறைக்கும். தினந்தோறும் நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றவேண்டும். மாற்றும்போது உப்பின் அளவைப் பற்றி ஒரு பிழை நேர்கிறது. 40 லிட்டர் தொட்டியில் 10 கிராம் இட்டிருந்து, 10 லிட்டரை வெளியேற்றினால், வெளியே போன உப்பு இரண்டரை கிராம் மட்டுமே. புதிதாக ஊற்றும் 10 லிட்டருக்கு அந்த இரண்டரை கிராமையே கரைக்கவேண்டும். மறுபடியும் 10 கிராமைக் கரைப்பவர் நாலைந்து நாளில் உப்பின் அளவை மும்மடங்கு ஆக்கிவிடுவார். தண்ணீர் ஆவியாகிக் குறைந்ததற்கு வெறும் தண்ணீரையே ஊற்றவேண்டும். ஆவியோடு உப்புப் போவதில்லை.

பட்டினிக்குப் பின்னர், சக்கர் மீனுக்கு வேகவைத்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணியோ, வெள்ளரித் துண்டோ, வதக்காமல் வேகவைத்த கீரையோ சிறிது கொடுக்கலாம். கோரிடோராஸ் பட்டாணியை விரும்பாது. அதற்குத் டாஃப்னியா என்னும் நீர்ப்பூச்சியைச் சுத்தமான தொட்டியில் வளர்த்துக் கொடுத்தால், அதன் ஓடு குடலைச் சுத்தம் செய்யும். மலம் கட்டியதனால் மட்டும் வந்த உப்புசமாயின், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் வடிந்துவிடும்.

அன்னிய தேசத்து நூல்கள் இந்நோய்க்குத் தண்ணீரின் உஷ்ணத்தை இரண்டு மூன்று டிகிரி உயர்த்தும்படி கூறுகின்றன. குளிர் தேசத்தில் 20 டிகிரியில் ஜீரணம் மந்தித்துக் கிடக்கும் மீனுக்கு அது சரியே. நம் நாட்டில் சித்திரை வைகாசியில் தகரக் கொட்டகைத் தொட்டியின் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டுகிறது. கோரிடோராஸ் வகைகளிற் பலவற்றுக்கு 22 முதல் 26 வரையே ஏற்றது. உஷ்ணம் ஏற ஏறத் தண்ணீரில் கரையும் பிராணவாயு குறையும். மீனுக்கு அதன் தேவையோ கூடும். ஆகவே கோடையில் செய்யவேண்டியது இதற்கு நேர்மாறு: தென்னங்கீற்று வேய்ந்து நிழல் தருதல், தொட்டியைச் சுற்றி நனைந்த சாக்குக் கட்டுதல், காற்றோட்டம் மிகுத்தல்.

மருந்துகளைப் பற்றி

சிவப்புத் திட்டும் கண் பிதுக்கமும் உள்ள மீனுக்கு எப்சம் உப்பு மட்டும் போதாது. அது கிருமி நோய். ஆனால் கடையில் கேட்டுவாங்கிய கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் தூவுவதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். எந்தக் கிருமி என்று அறியாமல் கொடுக்கும் மருந்து, மீனைக் காப்பதைவிட, தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல நுண்ணுயிர்களை அழிப்பதற்கே உதவும். மேலும் டெட்ராசைக்ளின் இன மருந்துகள் சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்த கடினத் தண்ணீரில் அவற்றோடு பிணைந்து பலனிழக்கும். நம் ஆழ்கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. அதில் எப்சம் உப்பையும் கரைத்து, அதே தண்ணீரில் அம்மருந்தையும் கரைப்பவர் பணத்தையே கரைக்கிறார். தீனியோடு கலந்து கொடுத்தால்தான் அது உள்ளே செல்லும். தீனி தின்னும் நிலையிலேயே அதைத் தொடங்கவேண்டும். அளவையும் நாட்களையும் கால்நடை வைத்தியரோ மீன்வள அதிகாரியோ எழுதிக் கொடுத்தபடியே செய்க. உண்ணும் மீன் வளர்க்கும் குளங்களில் குளோரம்பெனிக்கால், நைட்ரோஃப்யூரான் ஆகியவை தடை செய்யப்பட்டிருக்கின்றன என்பதையும், அழகுமீன் தொட்டிக்கென்று வாங்கிய மருந்தின் மிச்சத்தைக் குளத்தில் கொட்டலாகாது என்பதையும் நினைவில் வைக்க.

ஊசியால் வயிற்றைக் குத்தி நீரை வடிக்கிறோம் என்று சிலர் செய்கின்றனர். குடலையும் ஈரலையும் கிழித்துவிடுவதன்றி அதனால் வேறு பயன் இல்லை. வடிகால் அடைபட்டிருக்க, வடித்த நீர் இரண்டு நாளில் திரும்பவும் நிறையும்.

ஒரு வாரம் முயன்றும் தேறாமல், பக்கவாட்டில் கவிழ்ந்து மூச்சு வாங்கிக் கிடக்கும் மீனை வதையாமல் முடித்துவிடுதல் தயையாகும். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்துப் பன்னிரண்டு துளி கிராம்புத் தைலத்தை, முதலில் சிறு குப்பியில் வெதுவெதுப்பான தண்ணீரோடு குலுக்கிப் பால்போல் ஆக்கிக் கலந்து, அதில் மீனை விட்டால், மயங்கி உணர்விழந்து இறக்கும். செவுள் அசைவு நின்றபின்னும் அரைமணி நேரம் அதிலேயே விட்டுவைக்கவேண்டும்.

வராமற் காத்தல்

தீனியைச் சாயங்காலம் விளக்கணைக்கும் வேளையில், அடியில் இறங்கும் குருணையாக, அரைமணி நேரத்தில் தின்று தீரும் அளவே இடவேண்டும். மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் தீனி நிறுத்தலாம். சக்கர் மீன் தொட்டியில் ஊறிய மரக்கட்டை ஒன்று எப்போதும் கிடக்கட்டும்.

தண்ணீரில் மலமும் மிச்சத் தீனியும் அழுகுவதால் அம்மோனியா உண்டாகிறது. இதன் விஷம் தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்து மாறும். 30 டிகிரி உஷ்ணத்தில், பி.எச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே விஷ ரூபத்தில் இருக்கும், பி.எச். 8 ஆனால் ஏறக்குறைய ஏழு பங்கு விஷமாகும். ஒரே அளவு அழுக்கு பக்கத்து வீட்டுத் தொட்டியில் தீங்கு செய்யாமலிருந்து, நம் தொட்டியில் மீனைக் கொல்லும் மர்மம் இதுதான். அடிமணலில் முடங்கிக் கிடக்கும் கெளுத்தியே அழுக்குக்கு மிக அருகில் வாழ்வதாகையால், அதுவே முதலில் வாடும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவது எந்த மருந்தையும்விட மேலானது. புதிதாக வாங்கிய மீனை மூன்று வாரமாவது தனித்தொட்டியில் வைத்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு இரண்டு விஷயங்கள் உண்டு. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் மிகுதியாக இடும் நாளை, அழுகுமீன் வளர்ப்போருக்கு முதல்நாளே தெரிவித்தால், பலருடைய மீன்கள் பிழைக்கும். குளோரின் கலந்த தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் காற்றூட்டி வைத்த பின்போ, ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் சிறிது கரைத்த பின்போ உபயோகிக்கலாம்.

மற்றொன்று இதனினும் பெரிது. நோயுற்ற மீனையும், அளவுக்கு மீறி வளர்ந்த சக்கர் மீனையும் உயிரோடு ஏரியிலும் கோயில் குளத்திலும் விட்டுவிடுவதைப் புண்ணியம் என்று சிலர் எண்ணுகின்றனர். தென்னமெரிக்க சக்கர் மீன் நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவிட்டது. கரையைக் குடைந்து வளைதோண்டி முட்டையிடும். நாட்டு மீன்களின் இரையைத் தின்னும். வலையில் சிக்கினால் முள்ளாலும் தகட்டாலும் வலையைக் கிழிக்கும். செம்படவர்க்கு விலைபோகாத மீன் அது. ஆகவே செத்த மீனைச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவும், வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பவும் ஊரில் சொல்லிவைக்க வேண்டுகிறேன். தொட்டியின் கழிவுநீரையும் வாய்க்காலில் விடாமல் வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சுக. எப்சம் உப்புக் கலந்ததாயினும் இந்த அளவில் மரத்துக்குக் கெடுதியில்லை.

தொட்டியில் ஒரே வாரத்தில் பல மீன்கள் வீங்குமாயின், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012-ல் நிறுவப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளையோ, அருகிலுள்ள மீன்வளத்துறை அலுவலகத்தையோ அணுகிப் பரிசோதிக்கச் செய்யலாம். செத்து நாறிய மீனைக் கொண்டுபோவதில் பயனில்லை. மீன் செத்த சில மணி நேரத்துக்குள் வேறு கிருமிகள் புகுந்து உண்மைக் காரணத்தை மறைத்துவிடும். வீங்கிய ஆனால் உயிருள்ள இரண்டு மூன்று மீன்களைப் பிராணவாயு அடைத்த பாலிதீன் பையிலும், தொட்டித் தண்ணீரைத் தனியே ஒரு சுத்தமான சீசாவிலும் எடுத்து, காலை நேரத்து முதல் பஸ்ஸில் புறப்படுவது நலம். என்ன தீனி, எந்தக் கடையில் வாங்கிய மீன், எந்தத் தேதியில் முதல் மீன் வீங்கியது, இதுவரை என்னென்ன போட்டீர்கள் என்பவற்றை ஒரு காகிதத்தில் எழுதிப் பையோடு கொடுக்கவும். உப்பை அள்ளிப் போட்டிருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுதவும்.